மூச்சை இழுத்தால் குத்துகிறது: வலிப்பது நுரையீரலா, நெஞ்சுச் சுவரா?

வாசகியின் கடிதம்: "எனக்கு 41 வயது. மூன்று வாரம் சளியும் இருமலும் இருந்தது. இருமல் அடங்கியபிறகு நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஒரு வலி ஆரம்பித்தது. ஆழமாக மூச்சு இழுத்தால் குத்துகிறது, விரலால் அழுத்தினாலும் வலிக்கிறது, புரண்டு படுத்தால் சுருக்கென்கிறது. இசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மூச்சுப்பிடிப்பு என்கிறார்கள். நுரையீரலுக்கு வலி தெரியாது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் மூச்சு விடும்போது வலிப்பது எது? பயத்தில் பாதி மூச்சாகத்தான் இழுக்கிறேன். போதாததற்கு, நெஞ்சுக்குழிக்கு மேலே கெட்டியாக ஏதோ கைக்குத் தட்டுப்படுகிறது. போன வருடம் எடை குறைத்தேன். அதற்கு முன் இது இருந்ததாக நினைவில்லை. கட்டியாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை."

நுரையீரல் நோய் மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் படித்தது சரி. நுரையீரல் திசுவுக்கு வலியை உணர்த்தும் நரம்பு இல்லை. மூச்சுக்குழாய் எரியும், இருமலைத் தூண்டும். ஆனால் 'இதோ இங்கே குத்துகிறது' என்று விரல் வைத்துக் காட்டும்படியான வலியை நுரையீரல் தராது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தாலும்கூட, அது சுவரைத் தொடும்வரை பெரும்பாலும் வலிக்காது. உங்களுக்கு வலிப்பது நுரையீரலைச் சுற்றியிருக்கும் நெஞ்சுச் சுவர். சுவரில் எந்த இடம் என்பதைக்கூட உங்கள் கடிதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இது இதயம் இல்லை' என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. நெஞ்சுச் சுவரில் வலி உள்ளவருக்கு அன்றைக்கே மாரடைப்பும் வரலாம். உங்களுக்கு இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்தபிறகுதான் சொன்னார்கள், அதுதான் முறை. இனிமேலும், நெஞ்சை அழுத்திப் பிசைவது போன்ற வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் வலி, திடீர் மூச்சுத்திணறல், இருமும்போது ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சலோடு சேர்ந்த நெஞ்சுக்குத்து, மயக்கம் என்று எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பும் சோர்வுமாக வந்துவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மூச்சு இழுப்பது நுரையீரலின் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் நுரையீரலால் தானாக ஒரு மூச்சுகூட இழுக்க முடியாது. மருத்துவம் படித்த முதல் வருடம் உடற்கூறு அறையில் ஒரு நுரையீரலைக் கையில் வாங்கினேன். கல்லீரலைப் போலக் கனக்கும் என்று எதிர்பார்த்துக் கையைத் தாழ்த்தியே வைத்திருந்தேன். கையில் விழுந்ததோ பஞ்சு போல ஒன்று. நுரையீரல் என்று பெயர் வைத்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது, இன்றும் அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. நுரை போன்ற ஈரல், தண்ணீரில் போட்டால் மிதக்கும். மூச்சுக்குழாய் சுமார் 23 முறை இரண்டிரண்டாகக் கிளை பிரிந்து, கடைசியில் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இத்தனை நுணுக்கமான உறுப்பில், அதை விரித்துக் காற்றை உள்ளே இழுக்கும் தசை மட்டும் இல்லை. சொல்லப்போனால் நுரையீரல் எப்போதும் சுருங்கவே பார்க்கிறது. அதைச் சுற்றியுள்ள விலாக்கூடு வெளிப்பக்கமாக விரியப் பார்க்கிறது. எதிரெதிராக இழுக்கும் இந்த இரண்டையும் பிரியவிடாமல் வைத்திருப்பது ப்ளூரா என்கிற இரட்டைப் படலம். உள்படலம் நுரையீரலைப் போர்த்தியிருக்கிறது, வெளிப்படலம் சுவரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. நடுவில் இருப்பது சில தேக்கரண்டி நீர்தான். ஈரத் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுப் பாருங்கள். இப்படியும் அப்படியும் வழுக்கும், ஆனால் தூக்கினால் சட்டென்று வராது. நுரையீரலும் சுவரோடு அப்படித்தான் இருக்கிறது, சுவர் விரிந்தால் கூடவே விரிகிறது. அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் பிடி விட்டுப்போய் நுரையீரல் சுருங்கிவிடும். உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்கள் சிலருக்கு இது அடிபடாமலேயே நேர்வதுண்டு. உங்கள் எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இந்த இரண்டு படலங்களில் உள்படலத்துக்கு வலி தெரியாது. வெளிப்படலத்துக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நெஞ்சுச் சுவருக்குப் போகும் நரம்புகள்தான் அதற்கும் போகின்றன. நிமோனியா வந்தவர்களில் சிலருக்கு மூச்சு இழுத்தால் கத்தி செருகியது போல வலிப்பது அதனால்தான். நோய் நுரையீரலில் இருந்தாலும், அழற்சி வெளிப்படலத்தைத் தொட்டபிறகுதான் அந்தக் குத்தல் வருகிறது.

உதரவிதானத்தின் கதை இன்னும் விசித்திரமானது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை போல இருக்கும் இந்தத் தசைதான் அமைதியான சுவாசத்தின் பெரும்பங்கைச் செய்கிறது. மெல்ல மூச்சு விடும்போது 1 அல்லது 2 சென்டிமீட்டர் இறங்கும், ஆழமாக இழுத்தால் 10 சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். ஆனால் அதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5 ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. கரு வளரும்போது உதரவிதானம் கழுத்துப் பக்கம் தோன்றி, கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவதுதான் காரணம். அதனால் உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு ஏதாவது ஆனால், வலி தோள்பட்டை உச்சியில் தெரியும். தோள்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு உதரவிதானத்துக்குக் கீழே சீழ் கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தோளில் வலி இல்லை, அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருவோம். நெஞ்செலும்பின் ஓரம், இருமலுக்குப் பிறகு தொடங்கிய வலி, விரல் வைத்தால் அதே இடத்தில் வலி. இது விலா எலும்பைக் குருத்தெலும்பு நெஞ்செலும்போடு இணைக்கும் இடத்தில் வரும் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் எல்லோருக்கும் 12 ஜோடி விலா எலும்புகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். பின்னால் எல்லாமே முதுகெலும்பில் தொடங்குகின்றன, முன்னால் வந்து சேர்வதில்தான் வேறுபாடு. முதல் ஏழும் தனித்தனிக் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பைத் தொடுகின்றன. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் மேலே உள்ளதன் குருத்தெலும்போடு சேர்ந்துகொள்கின்றன. கடைசி இரண்டும் எதிலும் சேராமல் தசைக்குள் முடிந்துவிடுகின்றன. இந்தக் குருத்தெலும்பு இருப்பதால்தான் விலாக்கூடு கூண்டு போலக் கெட்டியாக நிற்காமல் வளைந்து கொடுக்கிறது. மேல் விலாக்கள் கைபம்பின் பிடி போல முன்பக்கம் உயர்கின்றன. கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவது போலப் பக்கவாட்டில் விரிகின்றன. ஒரு கையை நெஞ்சின் மேலும் இன்னொன்றை விலாப்புறத்திலும் வைத்து மெல்ல மூச்சு இழுத்தால் இரண்டு அசைவும் உங்கள் கைகளுக்கே தெரியும்.

நிமிடத்துக்கு 12 தடவை என்று குறைவாகவே கணக்கு வைத்தாலும், இந்த மூட்டுகள் ஒரு நாளில் 17,000 தடவைக்கு மேல் அசைகின்றன. மணிக்கட்டு சுளுக்கினால் கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். இங்கே அது முடியாது. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டமும் இல்லை. உங்கள் வலி இத்தனை நாள் இழுத்தடிப்பதற்கு இந்த இரண்டுமே போதுமான காரணங்கள்.

இருமல் எப்படி இதைக் கிளப்பியது? இருமும்போது முதலில் குரல்வளை இறுக மூடிக்கொள்கிறது. பிறகு வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் சேர்ந்து நெஞ்சை நெருக்குகின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, குரல்வளை சட்டென்று திறந்ததும் காற்று வெடித்து வெளியே வருகிறது. அந்த ஒவ்வொரு வெடிப்பிலும் விலாவின் முன்முனை இழுபடுகிறது. மூன்று வாரம், இரவும் பகலுமாக. விடாமல் இருமியே விலா எலும்பில் விரிசல் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

எந்த இடம் என்று நீங்களே பார்க்க விரும்பினால், இரண்டு காறையெலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து, நெஞ்செலும்பின் மேலேயே மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இறங்கியதும் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டிப் பக்கவாட்டில் போவது இரண்டாவது விலா. நாங்கள் நெஞ்சில் எதை எண்ணினாலும் இந்த மேட்டிலிருந்துதான் தொடங்குவோம். உள்ளே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதும் ஏறத்தாழ இந்த மட்டத்தில்தான். அங்கிருந்து நெஞ்செலும்பின் ஓரமாகவே கீழே வந்தால் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது விலாக்கள் வரிசையாகத் தெரியும். இருமலுக்குப் பின் வரும் வலி பெரும்பாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும். இதற்கு காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்று பெயர். ஒரே ஒரு மூட்டு, அதிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது, வலியோடு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியும் இருந்தால் அது டீட்ஸே நோய். அலெக்சாண்டர் டீட்ஸே என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1921 ஆம் ஆண்டு அதை விவரித்து எழுதினார். நீங்கள் வீக்கம் என்று எதுவும் எழுதவில்லை. வீக்கம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பத்துத் தடவை அழுத்தி 'இன்னும் வலிக்கிறதா' என்று சோதிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனையே புண்ணை ஆறவிடாது.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றால் வலி பொய்யா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், வயதாகிச் சுண்ணாம்பு படிந்தால் தவிரக் குருத்தெலும்பு தெரியாது. வலிக்கும் இடம் படத்தில் வருவதே இல்லை. அதனால் படம் சுத்தமாக இருப்பதும் உங்களுக்கு வலிப்பதும் இரண்டுமே உண்மை. 'ஒன்றுமில்லை' என்ற வார்த்தையை நாங்கள் மருத்துவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். ஆபத்து ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்பவருக்கோ, உனக்கு வலியே இல்லை என்று சொன்னது போல இருக்கிறது.

இடது பக்கம் என்பதால் இதயத்தைப் பற்றிய பயம் முழுவதும் போயிருக்காது. இதயம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு இடப்பக்கம், ஒரு பங்கு வலப்பக்கம். அதற்கு இடம் விட்டுத்தான் இடது நுரையீரல் இரண்டு மடல்களோடு நின்றுகொள்கிறது, வலதுக்கு மூன்று. ஆனால் வலி தெரியும் விதம் இதயத்துக்கும் நெஞ்சுச் சுவருக்கும் வேறு. ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு மூன்றும் முதுகிலிருந்து முன்பக்கம்வரை வருகின்றன. நெஞ்சில் நீர் எடுக்க ஊசி போடும்போது எப்போதும் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே நுழைவது இவற்றைக் காயப்படுத்தாமல் இருக்கத்தான். ஒவ்வொரு நரம்புக்கும் தனி எல்லை உண்டு, அதனால் சுவரில் எங்கே வலித்தாலும் மூளைக்கு இடம் தெளிவாகத் தெரிகிறது. இதயத்திலிருந்து போகும் வலி நரம்புகளுக்கு இப்படித் தனி எல்லை இல்லை. கையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் வரும் நரம்புகள் சேரும் அதே தண்டுவட மட்டத்தில் அவையும் போய்க் கலக்கின்றன. மூளை குழம்பி, நெஞ்சு முழுவதும் என்றும், கையின் உட்புறம் என்றும் உணர்கிறது. சுவர் வலி உள்ளவர் விரல் நுனியால் காட்டுவார், இதய வலி உள்ளவர் உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சில் வைத்துக் காட்டுவார். எப்போதும் அப்படி இல்லை, ஆனால் பல சமயம் அப்படித்தான்.

இதே நரம்புப் பாதையில் வரும் இன்னொன்று அக்கி. ஒரு பக்கம் மட்டும், முதுகிலிருந்து முன்பக்கம்வரை பட்டை போல எரிச்சல் வந்து, சில நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பும். தோலில் அப்படி எதையாவது பார்த்தால் தாமதிக்காதீர்கள். அதற்கான மருந்து முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது வலி அல்ல, பாதி மூச்சு. சாதாரணமாக ஒரு மூச்சில் அரை லிட்டர் காற்றுதான் உள்ளே போகிறது. அதையும் குறைத்துக்கொண்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, அங்குள்ள நுண்ணறைகள் மெல்ல மூடிக்கொள்ளும், சளி தேங்கும். அப்படி மூடியதைத் திறக்கத்தான் நாம் அறியாமலே சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெருமூச்சு விடுகிறோம். கவலையால் மட்டும் வருவதல்ல பெருமூச்சு. நீங்கள் வலிக்குப் பயந்து அதைக்கூட அடக்கிக்கொண்டிருப்பீர்கள். முன்பெல்லாம் விலா எலும்பு முறிந்தால் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். வலி குறைந்தது, ஆனால் மூச்சு விரியாமல் நிமோனியா வந்தது. அதனால் அந்தக் கட்டை விட்டுவிட்டோம். நீங்களும் அப்படி ஒரு கட்டைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆழ்ந்த மூச்சால் அந்த மூட்டு கெட்டுப்போகாது, வலிக்கும், அவ்வளவுதான். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை ஐந்தாறு மூச்சு, மூக்கு வழியாக, மெதுவாக, வலி தொடங்கும் இடம்வரை இழுத்து, அங்கே ஒரு நொடி நிறுத்தி, விடுங்கள். நாளுக்கு நாள் அந்த இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள், விலாக்கள் அவ்வளவு இழுபடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். வலி மூச்சைத் தடுக்கிறது என்றால் பாராசிட்டமால் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, அளவைத் தாண்ட வேண்டாம். இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருந்தால், அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கனமான பொருளைத் தள்ளுவதும் தூக்குவதும் கொஞ்ச நாள் வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும், அதுவும் இதன் இயல்புதான்.

வீட்டில் சொல்லும் மூச்சுப்பிடிப்பு என்ற வார்த்தையில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மூச்சு ஓர் இடத்தில் பிடிக்கிறது, நீங்கள் உணர்வதும் அதைத்தான். வாயு போய் அங்கே சிக்கியிருக்கிறது என்று நினைத்துப் பலம்கொண்டு நீவ விடாதீர்கள். புண்பட்ட மூட்டு அது, இன்னும் புண்ணாகும்.

கடைசியாக, அந்தக் 'கட்டி'. நெஞ்செலும்பு மூன்று துண்டுகள் சேர்ந்தது. அதன் கடைசித் துண்டு நெஞ்சுக்குழிக்கு மேலே ஒரு சிறு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். வாள் போன்றது என்ற பொருளில் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இளம் வயதில் அது குருத்தெலும்பு, 40 வயதை ஒட்டி மெல்ல எலும்பாகிக் கெட்டிப்படும். சிலருக்கு நேராக இருக்கும், சிலருக்கு முன்பக்கம் வளைந்திருக்கும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிளந்தும் இருக்கும். எடை குறைந்து மேலே உள்ள கொழுப்பு கரைந்ததும் ஒருநாள் திடீரென்று கைக்குத் தட்டுப்படும், பயந்துபோய் ஓடி வருவார்கள். உங்கள் வயது, எடை குறைந்தது, நீங்கள் சொல்லும் இடம் மூன்றும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் உறுதி சொல்லக் கூடாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த இடத்தைக் காட்டுங்கள், தொட்டதும் அவருக்குத் தெரிந்துவிடும். நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, தோலுக்கு அடியில் நகர்ந்தாலோ, வாராவாரம் பெரிதானாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.